சிகரெட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், வந்தது வேறு

19 வருடம் சிகரெட் பிடித்தேன். நடுவில் மூன்று முறை விட்டதும் உண்டு. முதல் முறை 11 நாள் தாங்கியது, அடுத்தது ஒன்றரை மாதம். மூன்றாவது முறை காலையில் விட்டுச் சாயங்காலம் பிடித்துவிட்டேன். அதைக் கணக்கில் சேர்ப்பதா என்பதே சந்தேகம்.

நான்காவது முறை தனியாக மல்லுக்கட்டாமல், புகையிலைப் பழக்கத்தை விட உதவும் ஒரு மையத்துக்குப் போனேன். ஒரு நாளைக்கு 15 சிகரெட், தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதலாவது என்று சொன்னதும் டாக்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும் 21 மில்லிகிராம் நிகோடின் பட்டை எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்கள். என்னைவிட வயதில் இளைய பெண். எப்போதெல்லாம் பிடிப்பீர்கள் என்று கேட்டார். டென்ஷனாக இருந்தால், சாப்பிட்டதும், யாருக்காவது காத்திருக்கும்போது, சும்மா இருக்கும்போது என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "டென்ஷன்னா எது சார்?" என்றார்.

"பொதுவா டென்ஷன்தான் மேடம்."

"பொதுவா டென்ஷன்னு ஒண்ணு கிடையாது சார். சரி, சொல்ல வேண்டாம். எழுதுங்க."

அவர் சொன்ன முறை இதுதான். தொடர்ந்து நான்கு நாள். தினமும் 20 நிமிடம். மனதை ரொம்ப நாளாக அழுத்திக்கொண்டிருக்கும் விஷயம் எதுவோ அதை, நடந்ததையும் அப்போது என்ன தோன்றியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, அடிக்கக் கூடாது, பேனாவை நிறுத்தக் கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் கடைசி வரியையே திரும்ப எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாம், அவருக்கும்கூட. முடித்ததும் கிழித்துப் போடலாம். சிகரெட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதற்கு எக்ஸ்பிரசிவ் ரைட்டிங் என்று பெயராம். எனக்கு அது பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரிதான் பட்டது. சிகரெட்டை நிறுத்தும் நாள் அடுத்த திங்கள்கிழமை என்று குறித்துவிட்டதால், எழுத வேண்டிய நான்கு நாளும் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். அதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நிறுத்திய அன்றைக்கே எழுத ஆரம்பித்திருந்தால் நான் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

முதல் இரவு மேஜையில் உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். வலது கையில் பேனா, இடது கை சிகரெட்டைத் தேடுகிறது. எழுதுகிறவன் என்றால் விரலிடுக்கில் சிகரெட்டோடு இருப்பான் என்று எத்தனையோ படங்களில் பார்த்து மண்டையில் ஏறியிருக்கிறதே. தவிர, அந்த மேஜையில்தான் நான் கணக்கு வழக்கு பார்ப்பது, அதாவது புகைப்பது. எழுந்து போய்த் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டேன். இடது கையால் நோட்டைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதால் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. கைபேசியில் தட்டலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கைபேசியைப் பார்த்துக்கொண்டே எத்தனை ஆயிரம் சிகரெட் பிடித்திருப்பேன். அதே பொருளிடம் போய் மருந்து கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் இரண்டு பக்கம் முழுக்க மேலதிகாரியைப் பற்றிய புகார். கடைசியில் "மற்றபடி எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் இல்லை" என்று முடித்திருந்தேன். பக்கத்தைத் திருப்பியபோது பார்த்தேன், அந்த "இல்லை" அடுத்த தாளில் அச்சு மாதிரி விழுந்திருந்தது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன், கோபம் இல்லாமல்.

இரண்டாம் நாளும் மேலதிகாரிதான். மூன்றாம் நாள் அவரைப் பற்றி எழுத மிச்சம் ஒன்றும் இல்லாததால், வேறு வழியில்லாமல் சிகரெட்டைப் பற்றி எழுதினேன். பாதியில் இப்படி ஒரு வரி வந்தது: "சிகரெட் பிடிக்கும் அந்த ஐந்து நிமிடம் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்." பேனா நின்றுவிட்டது. நிறுத்தக் கூடாது என்பதால் அதே வரியைத் திரும்ப எழுதினேன். மூன்றாவது தடவை அது கேள்வியாக மாறியது. எதைக் கேட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறேன்?

அது எனக்கு நன்றாகவே தெரியும். நண்பன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் கட்டவில்லை. எட்டு மாதமாக மாதம்தோறும் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவிக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு என்று இருந்த சிகரெட் 15 ஆனதும் அந்த எட்டு மாதத்தில்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பார்க்கும் வரை நான் அவற்றைச் சேர்த்து யோசித்ததே கிடையாது. நான்காம் நாள் முழுக்க அதைத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்ட அன்று யார் பேனா கொடுத்தது என்பதுவரை.

எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு நேர் எதிராக ஆனது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நோட்டை மூடியதும் நெஞ்சு கனத்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்று சிகரெட். மறுவாரம் ஆலோசகரிடம் கிட்டத்தட்டச் சண்டைக்கே போனேன். "அப்படித்தான் இருக்கும் சார்" என்றார் அமைதியாக. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில்தான் இந்த முறை தொடங்குகிறது. கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். தங்கள் வாழ்க்கையின் பெரிய அடியை, உணர்வோடு சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் உடம்பு சரியில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு. ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டே இருப்பது உடம்புக்கும் ஒரு வேலை, அந்தச் சுமைதான் இறங்குகிறது என்பது அப்போது அவர்கள் கொடுத்த விளக்கம்.

சரி, மாணவர்களுக்கு மனம் கனத்தால் ஒரு மணி நேரம் உம்மென்று இருந்துவிட்டுப் போவார்கள். புகைப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கண்ணிவெடி. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிற்பாடு நான் செய்த ஏற்பாடு இது: தூங்கப் போகும் முன் எழுதுவதை விட்டேன், ஏனென்றால் எழுதியதே கண்ணுக்குள் ஓடித் தூக்கம் போனது. சாயங்காலம் குளிப்பதற்கு முன் எழுதினேன். 20 நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் மூடிவிட்டு நேராகக் குளியலறை. குளித்துவிட்டு வந்து ஒரு கால் மணி நேரம் யாரிடமும் பேசுவதில்லை. டாக்டரைக் கேட்டு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கமும் கையில் வைத்துக்கொண்டேன். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும் வரை மென்று, கன்னத்து ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். நான் முதலில் பரபரவென்று மென்று விக்கல் எடுத்து அவதிப்பட்டேன்.

திங்கள்கிழமை நிறுத்தினேன். முதல் மூன்று நாள் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விட்டுப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் 20 நிமிட எழுத்தும் இல்லை. அதற்கு மனம் ஒட்டாது. அதற்குப் பதிலாக, தவிப்பு வரும்போது சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் ஒரே ஒரு வரி மட்டும்: நேரம், இடம், சற்று முன் என்ன நடந்தது, பத்துக்கு எத்தனை.

"காலை 7.40. மாடிப்படி. போன் வந்தது, எடுக்கவில்லை. 8."

"மதியம் 1.15. சாப்பிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை, கை சும்மா இருக்கிறது. 5."

"மாலை 6.05. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. 9."

இப்படி எழுதி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். தவிப்பின் உச்சம் பெரும்பாலும் ஒரு சில நிமிடம்தான் என்பதால், அந்த ஒரு நிமிடம் சும்மா கிடைத்த லாபம். அதைவிட முக்கியம், பத்து நாள் வரிகளை ஒன்றாகப் படித்தபோது தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பின் வரும் தவிப்பு நான்கு, ஐந்தைத் தாண்டவில்லை. அது வெறும் பழக்கம். கையில் எதையாவது கொடுத்தால் போய்விடும். எட்டும் ஒன்பதும் வந்த இடங்களில் எல்லாம் போன், வங்கி, தவணை. என் வாயால் "பொதுவா டென்ஷன்" என்று சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது.

இன்னொன்றும் அந்த வரிகளில்தான் சிக்கியது. ராத்திரி 1 மணி, 2 மணி, "தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது" என்று வரிசையாக இருந்தது. நிகோடின் இல்லாத குறை என்றுதான் நினைத்தேன். ஆலோசகர் நோட்டைப் பார்த்துவிட்டு (இந்தச் சின்ன நோட்டைக் காட்டுவதில் எனக்கு வெட்கம் இல்லை) எத்தனை காபி என்று கேட்டார். சிகரெட் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலில் கஃபீன் சிதையும் வேகத்தைக் கூட்டிவிடுமாம். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும், அதே அளவு காபி குடித்தாலும் கஃபீன் உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். காபியைப் பாதியாகக் குறைத்தேன். நடுக்கம் நின்றது, தூக்கமும் ஓரளவு வந்தது. எனக்கு இதில் கோபம்தான் வந்தது. முதல் இரண்டு முறையும் இந்த நடுக்கத்தைப் பார்த்துத்தானே "நம்ம உடம்புக்கு சிகரெட் இல்லாமல் ஆகாது" என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் வாரம் மறுபடி 20 நிமிட எழுத்துக்கு வந்தேன். இந்த முறை அது தறிகெட்டுப் போனது. ஆறு நாள் எழுதினேன், ஆறு நாளும் ஒரே பக்கம். அவன் துரோகி, நான் ஏமாளி. வார்த்தைகள்கூட மாறவில்லை. எழுத எழுத ஆத்திரம் ஏறியதுதான் மிச்சம். உணர்வைக் கொட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. பென்னபேக்கர் பிறகு எழுத்துகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்து பார்த்தபோது, நாளுக்கு நாள் "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" மாதிரிக் காரணத்தையும் தெளிவையும் காட்டும் சொற்கள் யாருக்குக் கூடிக்கொண்டே போனதோ, அவர்களுக்குத்தான் அதிகம் பலன் கிடைத்திருந்தது. என் ஆறு பக்கத்திலும் "ஏனென்றால்" ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

"அவரா இருந்து எழுதிப் பாருங்க" என்றார் ஆலோசகர். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அவனுக்கு வக்காலத்து வாங்கச் சொல்கிறாரா என்று எரிச்சல். எழுதினேன், நான்கே வரி வந்தது. நான்காவது வரி: "இவன் பெயர் போனில் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது, எடுத்தால் என்ன சொல்வது." எழுதிவிட்டுச் சின்ன நோட்டைப் புரட்டினேன். காலை 7.40, மாடிப்படி, போன் வந்தது, எடுக்கவில்லை. அவன் மேல் இருந்த கோபம் அதோடு போய்விடவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதுவது அன்றோடு நின்றது.

16ஆம் நாள் மனைவியிடம் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே எழுதிப் பார்த்திருந்ததால் வார்த்தை தடுமாறவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள். "எட்டு மாசமா என்கிட்ட ஏங்க சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி. பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் நான்கு நாள் பேசவில்லை.

அன்றிரவு அலுவலக நண்பரிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பிடித்தேன். 16 நாள் போச்சு. அந்த நேரத்தில் மண்டை போடும் கணக்கு தனி ரகம்: "விழுந்தாச்சு, இனி ஒன்று என்ன, பத்து என்ன. நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்கிவிடுவோம்." ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைத்தான் விளக்கியிருக்கிறார். ஒருமுறை சறுக்குவது மட்டும் யாரையும் முழுசாகக் கவிழ்ப்பதில்லை, "நான் இவ்வளவுதான்" என்று அந்தச் சறுக்கலுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் கவிழ்க்கிறது. எனக்கு அப்போது இந்த ஞானம் எல்லாம் இல்லை. பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தேன், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு, எத்தனை இழுப்பு, ருசி எப்படி இருந்தது, பிடித்ததும் என்ன மாறியது என்று எழுதினேன். ருசி நன்றாகவே இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. "என்ன மாறியது" என்பதற்கு நேராக "அவள் இன்னும் பேசவில்லை" என்று எழுதினேன். மறுநாள் காலை ஆலோசகருக்குப் போன் செய்தேன். பட்டையை நிறுத்த வேண்டாம், ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பாக்கெட் வாங்கவில்லை.

எழுதினால் சிகரெட் விட்டுவிடலாம் என்று யாராவது இதைப் படித்துப் புரிந்துகொண்டால் அது என் எழுத்தின் குறை. 2006இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு அலசலில், இந்த முறைக்குப் பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்றே வந்தது. புகைப்பவர்களிடமே நேராகச் சோதித்த ஒரு அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. 18 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு நிகோடின் பட்டையும் சுருக்கமான ஆலோசனையும் கொடுத்து, ஒரு பிரிவினரை மட்டும் கூடுதலாக எழுதவும் வைத்தார்கள். சிகிச்சை முடியும் நேரத்தில் எழுதியவர்களில் விட்டவர்கள் அதிகம். ஆய்வு தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதத்தில் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. எனக்கு இதில் ஏமாற்றமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. நிகோடின் இழுத்த இழுப்பைப் பட்டைதான் சமாளித்தது. 21இலிருந்து 14, அப்புறம் 7 என்று படிப்படியாக இறக்கினார் டாக்டர். பட்டையால் முடியாத ஒன்று இருந்தது, அந்த ஜாமீன் கையெழுத்து. அதற்குத்தான் நோட்டு. யாருக்கு அப்படி ஒளித்து வைத்த விஷயம் எதுவும் இல்லையோ, அவருக்கு இந்த 20 நிமிடம் சும்மா கை வலிதான் தரும் என்பது என் எண்ணம்.

இன்னொரு எச்சரிக்கையையும் விட்டுவிடக் கூடாது. எழுத ஆரம்பித்தால் தாங்க முடியாமல் போய்விடும் என்று தோன்றும் விஷயத்தைத் தொட வேண்டாம். பென்னபேக்கரே வைத்த விதி அது. ஆலோசகர் எனக்கு முதல் நாளே சொன்னார், "ரொம்ப ஆடிப்போற மாதிரி இருந்தா அப்படியே நிறுத்திட்டு வேற எழுதுங்க. அதுக்கு நாம நேர்ல பேசலாம்." மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைப் பார்த்தவர்கள், தனியாக இதில் இறங்காமல் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

கடைசி சிகரெட் பிடித்து 14 மாதம் ஆகிறது. தினமும் எழுதுவதில்லை, மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, சின்ன நோட்டில் எட்டுக்கு மேல் ஏதாவது வந்தால் மட்டும். முதல் நான்கு நாள் எழுதிய தாள்களை அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்கு அடுத்து மிஞ்சிய தாளில் இப்போது என் மனைவி கையெழுத்தில் தவணைக் கணக்கு இருக்கிறது. மாதா மாதம் கட்டியதும் அவள்தான் ஒரு கோடு போடுவாள். இன்னும் 7 தவணை பாக்கி.